தீவின் கணக்கு: திருவானைக்காவலில் ஆறும் ஊராட்சியும்

முக்கொம்பில் இரண்டாகப் பிரியும் காவிரி, வடகிளைக்குக் கொள்ளிடம் என்ற பெயரைக் கொடுத்துவிட்டுத் தென்கிளையில் தன் பெயரை வைத்துக்கொண்டு, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கிழக்கே கல்லணையை நெருங்கும்போது இரு கிளைகளும் மறுபடி அருகருகே வருமாறு ஓடுகிறது. இந்த இரண்டு நீர்க்கைகளுக்கும் நடுவில் கிடக்கும் நீளமான மணல் திட்டுத்தான் திருவரங்கத் தீவு. தீவின் அரங்கநாதர் கோயில் உலகறிந்தது. அதற்குக் கிழக்கே நடந்துபோகும் தூரத்தில், நீரைத் தெய்வமாக வைத்த திருவானைக்காவல் இருக்கிறது. ஓர் ஊர் தன் நிலம், நீர், மக்கள், வருவாய் ஆகியவற்றை அடுத்த தலைமுறைக்கும் தாங்கும்படி எப்படித் திட்டமிடுகிறது, அதற்கு வெளியிலிருந்து வரும் உதவி எந்த வடிவில் வந்தால் பயன்படுகிறது என்ற கேள்விக்கு, ஆயிரம் ஆண்டுக்கும் மேலான சான்றுகளோடு விடை தேட இந்தத் தீவைவிடப் பொருத்தமான இடம் தமிழகத்தில் அதிகமில்லை. இங்கே திட்டத்தில் நேரும் பிழையை ஆறு வெகுநாள் மறைத்துவைப்பதில்லை.

சம்புகேசுவரர் கோயில் ஐம்பூதத் தலங்களில் அப்புத் தலம், அதாவது நீருக்குரிய தலம். கருவறை சுற்றுப்புறத் தரையைவிடத் தாழ்வாக அமைந்திருப்பதால் இலிங்கத்தைச் சுற்றி நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. ஊற்று மிகும் நாட்களில் அர்ச்சகர்கள் நீரை இறைத்துவிட்டே பூசை நடத்த வேண்டியிருக்கிறது. பக்தருக்கு இது இறைவனின் திருவிளையாடல். ஊரமைப்பைப் படிப்பவருக்கோ இது நிலத்தடி நீர்மட்டத்தின் அடையாளக்கோலும் ஆகும்: இருபுறமும் ஆறு ஓடும் மணற்பாங்கான தீவில், சில அடிகள் தோண்டினாலே நீர் எட்டிவிடும் இடத்தில், அந்த நீரை மறைக்கவோ வெளியேற்றவோ முயலாமல் அதையே மையமாக வைத்துக் கோயிலையும் தெருக்களையும் அமைத்திருக்கிறார்கள். தலமரமான வெண்ணாவலும் ஈரமண்ணை விரும்பும் மரமே. தலபுராணம் ஒன்பது தீர்த்தங்களைக் கூறுகிறது. மதில்களுக்கு உள்ளும் வெளியிலும் உள்ள குளங்கள் நீராடுவதற்கு மட்டும் பயன்படவில்லை, மழைநீரைத் தாங்கிக்கொண்டு மெதுவாக மண்ணுக்குள் விடும் தொட்டிகளாகவும் இருந்தன.

ஐந்தாம் சுற்றின் மதிலைப் பற்றி ஊரில் வழங்கும் கதை ஒன்று இங்கே கருதத்தக்கது. இறைவனே சித்தராக வந்து மதில் வேலையை நடத்தினார் என்றும், மாலையில் வேலையாட்களுக்குக் கூலியாகத் திருநீற்றை அளித்தார் என்றும், அந்தத் திருநீறு அவரவர் செய்த உழைப்பின் அளவுக்கேற்பப் பொன்னாக மாறியது என்றும் அது கூறும். 'திருநீற்றான் மதில்' என்று இன்றும் அந்த மதிலைச் சொல்கிறார்கள். புராணக் கதையை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள முடியாது. ஆனாலும், ஊருக்குப் பொதுவான பெருவேலையில் யார் எவ்வளவு உழைத்தார், அதற்கு ஈடாக என்ன பெற்றார் என்பது தவறாமல் கணக்கிடப்பட வேண்டும் என்ற எதிர்பார்ப்பை அந்தக் கதையைச் சொல்லிவந்த மக்கள் கடவுளிடமே வைத்திருக்கிறார்கள்.

அந்த எதிர்பார்ப்பு சோழர் கால ஊராட்சியில் சட்டமாகவே கிடைக்கிறது. தொண்டை நாட்டு உத்திரமேரூரில் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டளவில் பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுகள், ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை விரிவாகச் சொல்கின்றன. வாரியம் என்பது சபையின் ஒரு பணியை ஏற்றுச் செய்யும் குழு. ஊரை 30 குடும்புகளாக, அதாவது வட்டங்களாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்வார்கள். இதுவே குடவோலை முறை. தேர்ந்தவர்களில் 12 பேர் ஆண்டு வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் போவார்கள். பதவிக்காலம் 360 நாட்கள். வயது 35க்குக் குறையாமலும் 70க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும்; வரி செலுத்தும் கால்வேலி நிலமும் சொந்த மனையும் வேண்டும். இந்தத் தகுதிகளைப் பாடநூல்கள் திரும்பத் திரும்பச் சொல்வதால் அவை பழகிப்போய்விட்டன. அவற்றைவிடக் கூர்மையானது தகுதியின்மைப் பட்டியலின் தொடக்கம்: முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்கு உரியவர் அல்லர். சொத்தும் கல்வியும் இருந்தாலும் கணக்குக் காட்டாவிட்டால் ஏரியின் பக்கம் வரமுடியாது.

உத்திரமேரூர் பிராமணர் ஊர் என்பதையும், பெண்களுக்கும் நிலமற்றோருக்கும் அந்தக் குடத்தில் இடமில்லை என்பதையும் மறந்துவிட்டு அதை முழு மக்களாட்சி என்று கொண்டாடுவது மிகை. ஆயினும் நீரைக் காக்கும் பொறுப்பு, அந்த நீரால் விளையும் நிலத்தின் கணக்கு, அதை நடத்தும் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆகிய மூன்றும் ஒரே சபையிடம் இருந்தன என்பதுதான் இந்த வரலாற்றுக்கு வேண்டிய செய்தி. தொண்டை நாடு ஏரிகளின் நாடு. காவிரிக்கரையின் நிலைமை வேறு. ஓர் ஊர்ச்சபை ஏரியைக் காக்கலாம், ஆற்றைத் தனியே காக்க முடியாது. ஆகவே ஆற்றங்கரையின் பராமரிப்புக்கென 'காவேரிக்கரை விநியோகம்' என்ற வரி சோழர் காலத்தில் வாங்கப்பட்டது. கரிகாலன் பெயரால் கரை வழங்கியதையும் கல்வெட்டுகள் காட்டுகின்றன. திருச்சிராப்பள்ளிப் பக்கத்தில், முதலாம் இராசராசனின் விருதுப்பெயரைத் தாங்கிய உய்யக்கொண்டான் கால்வாய் பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, மேட்டு நிலத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நகரத்தின் ஊடே வளைந்து சென்று, வழியிலுள்ள குளங்களை நிரப்பி, வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகிறது. தலைமடையை அரசு அமைத்தது. கிளைவாய்க்காலையும் மடையையும் ஊர்கள் பார்த்துக்கொண்டன. வெளியுதவி எங்கே நிற்க வேண்டும், ஊரின் பொறுப்பு எங்கே தொடங்க வேண்டும் என்ற எல்லை இப்படி மடைவாயில் போடப்பட்டிருந்தது.

தீவுக்குள் எல்லை போடுவது இன்னும் சிக்கலானது. ஆறு கரையை அரித்து ஒருபக்கம் நிலத்தை எடுத்துக்கொள்ளும், மறுபக்கம் மணலைக் கொட்டி மேடாக்கும்; நேற்றைய வயல் இன்றைய படுகையாகிவிடும். சைவக் கோயில் நிலத்தின் எல்லையில் சூலக்கல்லும், வைணவக் கோயில் நிலத்தின் எல்லையில் திருவாழிக்கல்லும் நடுவது அக்கால வழக்கம் என்றாலும், வெள்ளத்துக்குக் கல்லைப் பற்றிய மரியாதை கிடையாது. திருவரங்கக் கோயிலின் நடைமுறை வரலாறான கோயிலொழுகு, திருவானைக்காக் கோயிலோடு நேர்ந்த எல்லைத் தகராற்றைக் குறிப்பிடுகிறது. தகராறு மட்டுமே உறவாக இருக்கவில்லை. சம்புகேசுவரர் கோயிலின் உட்சுற்றில் தென்னந்தோப்பும் அதற்குள் சிறு குளமும் இருந்தன என்றும், ஆண்டில் ஒருநாள் திருவரங்கத்து உற்சவர் அங்கே எழுந்தருளும் வழக்கம் முன்பு இருந்தது என்றும் 19ஆம் நூற்றாண்டு ஆங்கில விவரணைகள் எழுதிவைத்துள்ளன. இரண்டு சமயங்கள், இரண்டு கோயில்கள், இரண்டு நிலக்கணக்குகள். ஆனாலும் நீர் ஒன்று என்பதால் ஒருவரையொருவர் விட்டுவிட முடியாத அண்டை வீட்டார்.

13ஆம் நூற்றாண்டில் போசள மன்னன் வீர சோமேசுவரன் கொள்ளிடத்துக்கு வடக்கே கண்ணனூரில், இன்றைய சமயபுரத்தருகே, தலைநகரமைத்துத் திருவானைக்காவிலும் திருப்பணி செய்தான். பின்னர் பாண்டியரும் விசயநகரத்தாரும் மதுரை நாயக்கரும் வந்தனர். ஆட்சி மாறியபோதும் கோயிலும் ஊரும் கால்வாயும் ஒன்றையொன்று தாங்கும் ஏற்பாடு பெரும்பாலும் தொடர்ந்தது. அதன்மேல் பெரிய அடி விழுந்தது 18ஆம் நூற்றாண்டில்தான். கருநாடகப் போர்களில் திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியபோது, உயர்ந்த மதில்களைக் கொண்ட தீவின் இரு கோயில்களும் படைமுகாம்களாயின. 1752 சூனில் பிரெஞ்சுத் தளபதி லா தம் படையோடு இங்கே சரணடைந்தார். 1754இல் இன்னும் கொடிய செயல் ஒன்று நடந்தது: தஞ்சையைப் பணியவைக்கும் நோக்கத்தோடு பிரெஞ்சுப் படை கோவிலடியருகே காவிரி நீர் கொள்ளிடத்துக்குள் வழிந்துவிடாமல் தடுத்த கரையை வெட்டிவிட்டது. தீவின் கீழ்முனையில் காவிரியின் படுகை கொள்ளிடத்தின் படுகையைவிட உயரமானது. அங்கே கரை உடைந்தால் தஞ்சைக்குப் போகவேண்டிய நீர் முழுவதும் கடலை நோக்கிக் கொள்ளிடத்தில் ஓடிவிடும். ஒரு மண்கரையை வெட்டுவதால் ஒரு நாட்டையே பட்டினி போடலாம் என்று பகைவனுக்குத் தெரிந்திருந்தது என்றால், அந்தக் கரையை ஆண்டுதோறும் கட்டிக்காத்த குடிகளின் வேலை எத்தகையது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

கிழக்கிந்தியக் கம்பெனி 1801இல் இப்பகுதியை நேரடி ஆட்சிக்குள் கொண்டுவந்தபோது ஆறு ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது. கொள்ளிடம் நேராகவும் ஆழமாகவும் ஓடியதால் முக்கொம்பில் பெரும்பங்கு நீர் அதற்குள் போயிற்று. காவிரிக் கிளை மணல்மேடிட்டுத் தூர்ந்துவந்தது. 1804இல் கால்டுவெல் என்ற படைப்பொறியாளர் இதை ஆராய்ந்தார். 1830இல் கல்லணையில் மணற்போக்கிகள், அதாவது அடியில் தேங்கும் மணலை வெள்ளத்தோடு வெளியேற்றும் மதகுகள், அமைக்கப்பட்டன. அவற்றில் பணியாற்றிய ஆர்தர் காட்டன், 1836இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டத் தொடங்கினார். அடியில்லாத மணலில் எப்படி அடித்தளம் போடுவது என்ற பாடத்தைக் கல்லணையைப் பார்த்தே கற்றதாக அவர் பின்னாளில் ஒப்புக்கொண்டார். மருந்து சற்று மிஞ்சிப்போனதும் உண்டு: மேலணையின் விளைவாகக் காவிரிக்குள் நீர் அளவுக்கு மீறிப் பாய்ந்து படுகையை அரிக்கத் தொடங்கியதால், 1845இல் காவிரித் தலைப்பிலும் ஒரு தடுப்பணை போட வேண்டியதாயிற்று.

பொறியியலாகப் பார்த்தால் இது பெரிய வெற்றி. தஞ்சை பிழைத்தது, வருவாய் பெருகியது. ஆனால் ஆட்சிமுறையாகப் பார்த்தால் இந்த இடத்தில்தான் தீவின் வரலாறு திசைமாறுகிறது. ஆறு இனிப் பொறியாளர்களின் துறைக்குரியது. எப்போது எந்தக் கதவு திறக்கப்படும் என்ற முடிவு ஊரை விட்டுப் போய்விட்டது. ஊருக்கு எஞ்சியது குடிமராமத்து மட்டுமே. பாசனம் பெறும் குடிகள் கூடி வாய்க்காலைத் தூர்வாரி, சிறு உடைப்புகளை அடைத்து, கரையைச் செப்பனிடும் வழக்கத்துக்கு அந்தப் பெயர். முன்பு அது உரிமையும் கடமையும் சேர்ந்த ஒன்றாக இருந்தது: வேலைக்கு வந்தவனுக்கு நீர்ப்பங்கில் சொல் உண்டு. 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், வழக்கப்படி வேலை செய்யத் தவறியவரிடம் அந்த உழைப்பின் மதிப்பைப்போல் இருமடங்கு தொகையை வசூலிக்கலாம் என்றது. சொல்லும் உரிமையை எடுத்துவிட்டுக் கடமையை மட்டும் சட்டத்தால் நிறுத்திவைக்கப் பார்த்தார்கள், அது நிற்கவில்லை. அடுத்த நூறாண்டில் குடிமராமத்து பெரும்பாலான இடங்களில் நினைவாகிவிட்டது. 2017இல் தமிழ்நாடு அரசு அதே பெயரில் தூர்வாரும் திட்டத்தைத் தொடங்கியபோது, பெரும்பங்குப் பணத்தை அரசே தந்தது. பெயர் திரும்பியது, நீர்ப்பங்கில் குடிகளுக்கிருந்த சொல் திரும்பவில்லை.

ஆற்றை எடுத்துக்கொண்ட அதே காலத்தில் தெருவை ஊருக்குத் திருப்பிக் கொடுக்கும் முயற்சியும் நடந்தது என்பது இந்த வரலாற்றின் விந்தை. 1865ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் 1866 நவம்பர் 1இல் திருச்சிராப்பள்ளி நகராட்சி தொடங்கியது. பதவிவழி உறுப்பினர் இருவர், நியமன உறுப்பினர் ஒன்பது பேர். தீவுக்குத் தனியாகத் திருவரங்கம் நகராட்சி 1871இல் ஏற்பட்டது. திருவானைக்காவல் அதற்குள் அடங்கியது. திருச்சியில் 1877இல் தேர்தல் வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் ஒருவர் வர 1889 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் 1882இல் ரிப்பன் பிரபு வெளியிட்ட உள்ளாட்சித் தீர்மானம், நிருவாகம் சிறப்பாக நடப்பதைவிட மக்கள் அரசியல் பயிற்சி பெறுவதே உள்ளாட்சியின் முதல் நோக்கம் என்று கூறியது. பெரிய மனத்தோடு சொல்லப்பட்ட அந்தக் கருத்தோடு சேர்த்துப் பெரிய பணப்பை கொடுக்கப்படவில்லை. வீட்டுவரியும் வண்டிவரியும் சந்தைக் கட்டணமும் கொண்டு தெருவிளக்கு, சாக்கடை, அம்மைகுத்துதல், திருவிழாக் கூட்டத்தின் சுகாதாரம் ஆகிய அனைத்தையும் நகராட்சி பார்க்க வேண்டும்.

திருவிழா என்பது தீவு நகராட்சிக்கு மற்ற ஊர்களுக்கு இல்லாத சுமை. வைகுண்ட ஏகாதசிக்கும் ஆடிப்பெருக்குக்கும் ஊரின் மக்கள்தொகையைப்போல் பல மடங்கு யாத்திரிகர் வந்து ஆற்றிலும் குளத்திலும் நீராடி, அதே நீரைக் குடித்து, திறந்த வெளியில் தங்குவார்கள். 19ஆம் நூற்றாண்டில் காலரா யாத்திரை வழிகளிலேயே பயணம் செய்தது. நகராட்சியின் வரி ஊரில் குடியிருப்பவரிடமிருந்து வந்தது; செலவோ வந்துபோகிறவரால் ஏற்பட்டது. கோயிலின் நிலமும் குளமும் காணிக்கையும் தனி நிருவாகத்தின்கீழ் இருந்தன. 1863ஆம் ஆண்டின் சமய அறக்கொடைச் சட்டத்துக்குப் பின் அரசு கோயில் நிருவாகத்திலிருந்து விலகிக்கொண்டது, 1925க்குப் பின் வாரியமாகவும் பிறகு துறையாகவும் திரும்பி வந்தது. இவ்வாறு ஆறு ஒரு துறையிடமும், குளம் வேறொரு நிருவாகத்திடமும், தெரு நகராட்சியிடமும் பிரிந்து நின்றன. இயற்கையில் நீர் ஆற்றிலிருந்து மணல்வழியே குளத்துக்கும், குளத்திலிருந்து கிணற்றுக்கும், கிணற்றிலிருந்து சாக்கடைக்கும், சாக்கடையிலிருந்து மீண்டும் ஆற்றுக்கும் போய்க்கொண்டிருந்தது. அதைத் தொடர்ந்து போகக்கூடிய அதிகாரம் படைத்த அலுவலகம் எதுவும் இல்லாமல் போயிற்று.

இந்தப் பிரிவினையின் கேட்டைக் கண்டு சொன்ன வெளியார் ஒருவர் உண்டு. ஸ்காட்லாந்து நாட்டு உயிரியல் அறிஞரும் நகரமைப்புச் சிந்தனையாளருமான பேட்ரிக் கெடிஸ், சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் 1914இல் இந்தியா வந்தார். நகரமைப்பைப் பற்றிய அவருடைய கண்காட்சிப் பொருள்கள் அனைத்தும் ஏற்றிவந்த கப்பலை எம்டன் என்ற செருமானியப் போர்க்கப்பல் மூழ்கடித்துவிட்டது. தமிழ்ப் பேச்சில் இன்றும் உலவும் அந்த எம்டன்தான். வேறு படங்களும் வரைபடங்களும் திரட்டி 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி நடந்தது; சென்னை மாகாணத்து நகரங்களைச் சுற்றிப் பார்த்து அவர் அறிக்கைகளும் எழுதினார். திட்டம் வரைவதற்கு முன் ஊரை நடந்து அளக்க வேண்டும், நோயாளியைப் பார்க்காமல் மருந்தெழுதக் கூடாது என்பது அவருடைய முதல் விதி. அகலச் சாலைக்காகக் குடியிருப்புகளை இடித்துத் தள்ளுவதற்குப் பதிலாக, மிகக் குறைவாக இடித்து மிகுதியாகக் காப்பாற்றும் முறையை அவர் வற்புறுத்தினார். மலேரியாக் கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்க்கச் சொன்ன சுகாதார அதிகாரிகளுக்கு, குளத்தில் மீனும் வாத்தும் விட்டால் கொசுப்புழு ஒழியும், குளத்தை மூடினால் வெள்ளம் எங்கே போகும் என்று மறுமொழி கூறினார். தென்னிந்தியக் கோயில் நகரங்களின் தேர்வீதிகளையும் குளங்களையும் பழமைச் சின்னமாக மட்டும் பார்க்காமல், வேலைசெய்யும் நகரமைப்பாகவே அவர் பார்த்தார்.

அவருடைய வருகையை அடுத்து 1920இல் சென்னை நகரத் திட்டமிடல் சட்டம் வந்தது. நகராட்சிகளே தம் எல்லைக்குள் திட்டங்களை வரையலாம் என்ற அதிகாரம் அதில் கிடைத்தது. அரசின் ஒப்புதல் வேண்டும், வரைவதற்கு அரசின் நகரமைப்பு இயக்குநர் உதவுவார். உள்ளாட்சிக்குத் திட்டமிட உதவுதல் என்பது சென்னை மாகாணத்தில் சட்டவடிவம் பெற்றது அப்போதுதான் எனலாம். ஆனால் கெடிஸின் வாத்தும் மீனும் சட்டத்துக்குள் நுழையவில்லை. சட்டம் பார்த்தது மனை, சாலை, கட்டட எல்லைக்கோடு. நீர் அதில் இல்லை. 1924 சூலை வெள்ளம் காவிரிப் படுகை முழுவதையும் புரட்டிப்போட்டது. 1934இல் மேட்டூர் அணை முடிந்தபின் வெள்ளபயம் தணிந்தது. ஆறு அடங்கிவிட்டது என்ற நம்பிக்கையில் அடுத்த அரை நூற்றாண்டில் தீவின் வாழைத் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் மனைகளாகிக்கொண்டே வந்தன. 1977 நவம்பர் புயல்மழை அந்த நம்பிக்கையைக் கேள்விக்குள்ளாக்கியது: அம்முறை வெள்ளம் மேட்டூரைக் கடந்து வரவில்லை, மேட்டூரின் கட்டுப்பாட்டுக்குக் கீழே பெய்த மழையே திருச்சியை மூழ்கடித்தது. அதற்குள் 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் வந்து, முழுமைத் திட்டம் வரையும் வேலை உள்ளூர்த் திட்டக் குழுமங்களுக்கும் நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கும் போயிற்று. நகராட்சிக்கு இருந்த வரைகோலும் கையை விட்டுப் போனது.

1993 சூன் 1இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் இதை மாற்ற முயன்றது. நகரத் திட்டமிடல் முதலான 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் பட்டியலிட்டு, அவற்றை உள்ளாட்சிகளுக்கு மாநிலங்கள் வழங்கலாம் என்றது. ஊராட்சிகளின் திட்டங்களையும் நகரங்களின் திட்டங்களையும் ஒன்றிணைக்க மாவட்டத் திட்டக் குழுவை ஏற்படுத்தியது. 'வழங்கலாம்' என்ற ஒரே சொல்லில் மாநிலங்களுக்கு எவ்வளவு இடம் இருந்ததோ அவ்வளவையும் அவை பயன்படுத்திக்கொண்டன. 1994இல் திருச்சிராப்பள்ளி மாநகராட்சியானபோது திருவரங்கம், பொன்மலை நகராட்சிகள் அதோடு இணைக்கப்பட்டன. தீவின் நகராட்சி 123 ஆண்டு வாழ்ந்து மண்டலமாயிற்று. பெரிய நகரத்தோடு சேர்ந்ததால் குடிநீருக்கும் பாதாளச் சாக்கடைக்கும் பணம் கிடைத்தது உண்மை. இரு ஆறுகளுக்கு நடுவில் வாழ்வதால் எழும் தனிச்சிக்கல்களை மட்டும் கருதும் மன்றம் ஒன்று இல்லாமல் போனதும் உண்மை.

இதே மாநகராட்சியில், யாரும் அதிகம் எதிர்பாராத ஓரிடத்திலிருந்து வேறு மாதிரியான உதவி வந்தது. 1987இல் திருச்சியில் தொடங்கிய கிராமாலயா என்ற தொண்டு நிறுவனம், வாட்டர்எய்ட் அமைப்பின் துணையோடு, 2000ஆம் ஆண்டையொட்டி நகரின் குடிசைப் பகுதிகளில் பாழடைந்து கிடந்த பொதுக் கழிப்பறைகளைப் பெண்களின் குழுக்களிடம் ஒப்படைக்கும் முறையை மாநகராட்சியோடு சேர்ந்து தொடங்கியது. கட்டடம் மாநகராட்சியுடையது, சாவி பெண்களிடம். குழு உறுப்பினர் முறைவைத்து வாயிலில் அமர்ந்து, பயன்படுத்துவோருக்கு டோக்கன் கொடுத்துச் சிறு கட்டணம் வாங்கி, அதிலிருந்து துப்புரவாளர் கூலி, மின்கட்டணம், பழுதுபார்ப்பு ஆகியவற்றைச் செலுத்தி, வரவுசெலவைத் தங்கள் கூட்டத்தில் வாசிப்பார்கள். மிஞ்சியது பகுதியின் பொதுத்தேவைக்குப் போகும். கல்மந்தை என்ற குடிசைப் பகுதி 2002இல் திறந்தவெளி மலங்கழித்தல் அற்றதாக அறிவிக்கப்பட்டது. நாட்டில் அந்தப் பெயரை முதலில் பெற்ற நகர்ப்புறக் குடிசைப் பகுதி என்று அது குறிப்பிடப்படுகிறது. உத்திரமேரூர்க் குடத்தில் இடம்பெறாத இரு பிரிவினர், பெண்களும் நிலமற்றோரும், அந்தக் கல்வெட்டு கேட்ட தகுதிகளில் மிகக் கடினமானதை இங்கே நாள்தோறும் நிறைவேற்றினார்கள்: கணக்குக் காட்டினார்கள். 2016ஆம் ஆண்டின் தூய்மைக் கணக்கெடுப்பில் திருச்சி நாட்டிலேயே மூன்றாமிடம் பெற்றதற்குப் பின்னால் இந்தப் பழக்கத்துக்கும் பங்கு உண்டு.

அடுத்த கட்டமாகத் தமிழ்நாடு நகர்ப்புறச் சுகாதார ஆதரவுத் திட்டம் 2015 முதல் திருச்சியைத் தன் முன்னோடி நகரங்களில் ஒன்றாக எடுத்துக்கொண்டது. இதன் மையப்பொருள் மலக்கசடு மேலாண்மை. பாதாளச் சாக்கடை எட்டாத வீடுகளின் மலத்தொட்டியில் தேங்கும் கசடு, லாரியில் உறிஞ்சப்பட்டபின் எங்கே போகிறது என்று கண்டறிந்து, அதைச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ப்பதற்கான ஏற்பாடு அது. நீர்மட்டம் மேலே இருக்கும் தீவுக்கு இது சாதாரணச் செய்தியல்ல. மலத்தொட்டியின் அடி திறந்திருந்தால் அதிலிருந்து கசிவது கிணற்றையும், கிணற்றை ஊட்டும் மணலையும், கடைசியில் ஆற்றையும் சென்று சேரும். திட்டத்துக்காக வந்தவர்கள் செய்த முதல் வேலை, முதலில் பார், பிறகு வரை என்ற கெடிஸின் விதிப்படி, கசடின் வழியைப் பின்தொடர்ந்து அளந்து எழுதியதுதான்.

ஆனால் ஆற்றைப் பின்தொடர்வது இன்றும் எளிதல்ல. திருச்சியின் குடிநீர் கம்பரசம்பேட்டை தலைமை நீரேற்று நிலையம் முதலிய இடங்களில் காவிரி, கொள்ளிடம் படுகைகளின் மணலுக்குள் இறக்கிய கிணறுகளிலிருந்து கிடைக்கிறது. அதே படுகையிலிருந்து குழாய்வழியே இராமநாதபுரம் வரை நீர் போகிறது. மணல்தான் இங்கே நீர்த்தொட்டி. அந்த மணல் பல ஆண்டுகளாகக் கட்டடத்துக்காக அள்ளப்பட்டது. 2018 ஆகஸ்டில், பல ஆண்டு வறட்சிக்குப் பின் மேட்டூர் நிரம்பி வழிந்து வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் கொள்ளிடத்தில் பாய்ந்தபோது, திருவானைக்காவலையும் வடகரையையும் இணைத்த 1928ஆம் ஆண்டின் இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. சில நாட்களில், 22ஆம் தேதி மாலை, முக்கொம்பு மேலணையின் கொள்ளிடக் கதவணையில் ஒன்பது மதகுகள் அடித்துச்செல்லப்பட்டன. மணலெடுத்துப் படுகை தாழ்ந்ததே காரணம் என்று உழவர் அமைப்புகள் கூறின. கட்டுமானம் பழையது, வெள்ளம் பெரியது என்று அரசுத் தரப்பு கூறியது. மதகு உடைந்தது வெள்ளம் தணிந்துவந்த வேளையில் என்பதால், வெறும் வெள்ளத்தின் வேகத்தை மட்டும் காரணம் காட்டுவது போதுமான விளக்கமாகத் தோன்றவில்லை. உடைந்த கதவணைக்குக் கீழ்ப்பக்கத்தில் புதிய கதவணை கட்டப்பட்டது. 2024 ஆகஸ்டில் மறுபடி வெள்ளம் வந்தபோது, திருவானைக்காவல் பக்கத்துக் கொள்ளிடப் பாலத்தருகே ஆற்றில் நின்ற உயர்மின் கோபுரம் சாய்ந்தது.

முக்கொம்பில் மதகு உடைந்த 2018இல் தமிழ்நாட்டு நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே இல்லை. 2016இல் பதவிக்காலம் முடிந்தபின் தேர்தல் நடக்கவில்லை, அதிகாரிகளே நகரங்களை நடத்தினார்கள். 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்து, திருச்சியின் 65 வார்டுகளுக்கும் உறுப்பினர் வந்தனர். அதே ஆண்டு அரசு நவம்பர் 1ஐ உள்ளாட்சி நாளாக அறிவித்து, நகரங்களில் பகுதி சபைகளை முதன்முறையாகக் கூட்டியது. பகுதி சபை என்பது வார்டைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, அங்கு வாழும் வாக்காளர்கள் கூடித் தேவைகளைச் சொல்லி வார்டுக் குழுவுக்கு அனுப்பும் அமைப்பு. குடும்புக்கும் சபைக்கும் இருந்த உறவை இது ஓரளவு ஒத்திருக்கிறது. அதற்கு 156 ஆண்டுகளுக்கு முன் திருச்சி நகராட்சி தொடங்கியதும் ஒரு நவம்பர் 1இல்தான். உள்ளாட்சி நாள் அறிவிப்பை எழுதியவர்களுக்கு இந்தப் பொருத்தம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பகுதி சபையில் தெருவிளக்கு, குப்பை, சாக்கடை அடைப்பு, குடிநீர் வரும் நேரம் ஆகியவை பேசப்படலாம். அவற்றுக்கு மாநகராட்சி பதில் சொல்லியாக வேண்டும். கொள்ளிடத்தின் மணலும் முக்கொம்பின் கதவும் 2021இல் தனித் துறையாகப் பிரிக்கப்பட்ட நீர்வளத் துறையின் கணக்கில் இருக்கின்றன. கோயில் குளங்கள் அறநிலையத் துறையின் கணக்கிலும், முழுமைத் திட்டத்தின் வரைபடம் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் கணக்கிலும் உள்ளன. இந்த மூன்று கணக்கையும் பகுதி சபைக்கு வந்து வாசித்துக்காட்ட வேண்டும் என்ற விதி இன்னும் எழுதப்படவில்லை.